வாசல்காவலன் விழுந்த வியாழக்கிழமை

பீடோங் பட்டணத்தின் விளிம்பில், செம்பனைத் தோட்டம் முடிந்து வரிசை வீடுகள் தொடங்குகிற இடத்தில், உமையாளும் அவள் கணவன் புவனேஸ்வரனும் குடியிருந்தார்கள். மூன்று மாதமாக அந்த வீட்டின் முன்கூடத்தில் மூன்றாவது ஆளாக ஒரு காவலன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் நின்றது தொலைக்காட்சிப் பெட்டிக்குள். கருங்கல் உடம்பு, முகம் தெரியாத இரும்புத் தொப்பி, கையில் அவனைவிட உயரமான ஈட்டி. முதுகுக்குப் பின்னால் மூடிய வாசல். அவனை வீழ்த்தினால்தான் வாசல் திறக்கும். புவனேஸ்வரன் இருநூறு தடவைக்கு மேல் அவனிடம் போயிருந்தான். அத்தனை தடவையும் ஈட்டி பட்டு விழுந்திருந்தான்.

புவனேஸ்வரன் முன்பு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன், புக்கிட் செலம்பாவ் சாலையில் மழை நாளொன்றில் மோட்டோவோடு சறுக்கி விழுந்ததில் தலையில் அடிபட்டது, வலது தோளில் நரம்பு அறுந்தது. கை தப்பித்தது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சை உடனே கேட்பதில்லை; கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அசையும். லோரி போயிற்று. இப்போது குலை வாங்கும் இடத்தில் தராசு மேடையில் உட்கார்ந்து, இடது கையால் எடைச் சீட்டு எழுதுகிறான்.

விபத்துக்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவன் பேச்சு குறைந்துபோனது. 'ம்', 'வேணாம்', 'போட்டுக் குடு' என்ற மூன்றோடு ஒரு நாள் ஓடிவிடும். 'போட்டுக் குடு' என்பது சட்டைப் பொத்தானுக்கு. அந்த நாட்களில்தான், பட்டணத்தில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் குழந்தைவேலு தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கைக்குப் பயிற்சிண்ணே. வேணாம்னா ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துக்கிறேன் லா" என்றான்.

அவன் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்கிற நல்லது சில சமயம் இப்படித்தான், மறந்துவிட்டுப்போன சாமான் மாதிரி வீட்டு மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதில் இருந்தவை குழந்தைகள் ஆடும் ஆட்டங்கள் அல்ல. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பெரிய எதிரி ஒருவன் நிற்பான். அவனைத்தான் பாஸ் என்பார்கள். பத்துத் தடவை, ஐம்பது தடவை விழுந்து, அவன் எப்போது அடிப்பான், எப்போது ஓய்வான் என்று படித்துக்கொண்டுதான் அவனை வெல்ல முடியும்.

"காசு குடுத்து அடி வாங்குற விளையாட்டா?" என்று உமையாள் முதல் நாள் கேட்டாள்.

"அடி வாங்கிக் கத்துக்கிற விளையாட்டு" என்றான் புவனேஸ்வரன். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அதனாலேயே அவளுக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பிறகு அவன் பேசத் தொடங்கினான். தன்னிடம் அடி வாங்கியவர்களைப் பற்றி அல்ல, தன்னை அடித்தவர்களைப் பற்றி. குழந்தைவேலு கேட்டுக் கேட்டுச் சிரித்தான். "இதை ஏண்ணே எனக்கு மட்டும் சொல்றீங்க?" என்று கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்துப் படம் பிடித்து இணையத்தில் போட்டான். கஷ்டமான ஆட்டங்களில் வரும் ஒன்பது பாஸ்களை ஒப்பிட்டு ஒன்பது பேச்சு என்று திட்டம். ஆட்டங்களின் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு, இருவரும் தாங்களாகவே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். பாடாங் செராயிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை ஒவ்வொரு தடவையும் 'நன்று' என்று ஒரே ஒரு சொல் எழுதிவிட்டுப் போவார்.

உமையாள் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சாம்பல் நாட்டுல ஒரு குருட்டு ராஜா. கையில மணி. அவரு அடிக்கிறதுக்கு முன்ன மணி கிணுங்கும். நீங்க கண்ணை மூடிக்கிட்டே அவரோட சண்டை போடலாம், காது இருந்தா போதும். நியாயமான ஆளு. ஆனா விழுந்துட்டா, திரும்ப அவர்கிட்ட போறதுக்கு சேத்துல மூணு நிமிஷம் நடக்கணும். தப்புக்கு அடி குடு, சரி. நடக்க ஏன் விடுற?"

"கிளினிக் மாதிரிண்ணே. ஊசி ஒரு செகண்டு, லைனு மூணு மணி நேரம்."

"பனிமலைக் கழுகு அப்படி இல்ல. அது கொத்துற கொத்து பயங்கரம். ஆனா விழுந்த அடுத்த நொடி எழுப்பி விட்டுடும். கோவப்பட நேரமே இருக்காது. அந்த ஆட்டத்தை யாரு செஞ்சானோ, அவனுக்கு விழுந்தவன் மனசு தெரிஞ்சிருக்கு."

இன்னொரு நாள் கடலடியில் வாழும் அக்கா தங்கை இருவரைப் பற்றிப் பேசினான். "அக்கா விழுந்ததும் தங்கச்சி ஆயுதத்தைக் கீழ போட்டுட்டு அழுவா. அப்ப அடிச்சா சுலபமா ஜெயிக்கலாம். நெறய பேரு அப்படித்தான் ஜெயிக்கிறாங்க. எனக்கு அடிக்க மனசு வரல. அவ அழுது முடிக்கிற வரைக்கும் நான் தண்ணி குடிச்சேன்."

"அதான் பதினெட்டுத் தடவை செத்தீங்க."

"ஆமாடா. அதுக்கென்ன?"

உமையாள் கத்தியைக் கீழே வைத்தாள். இந்த மனிதனைக் கட்டிக்கொண்டது நல்லதுதான் என்று அவளுக்கு அன்று மறுபடியும் தோன்றியது.

ஆனால் முதல் பேச்சிலேயே அவன் ஒன்று சொல்லியிருந்தான். "என் கையால வீழ்த்தாத பாஸைப் பத்தி நான் பேச மாட்டேன். இது சத்தியம்." அன்றைக்கே அவள் கண்டித்தாள். "சத்தியம்னு ஏன் சொன்னீங்க? அது வாயில போட்டு மெல்லுற சாமானா?" அவன் சிரித்தான். "சொல்லியாச்சு. இனி செஞ்சுதான் ஆகணும்."

எட்டுப் பேச்சு முடிந்தது. ஒன்பதாவது, ஏழாம் வாசல் என்று அவர்கள் பெயரிட்ட ஆட்டத்தின் காவலன். அங்கேதான் எல்லாம் நின்றது.

காவலன் ஈட்டியை ஓங்குவான். பயந்து உருளுவோம். அவன் அடிக்க மாட்டான். ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்கும். நாம் உருண்டு எழுந்து தரையில் கால் ஊன்றும் நேரம் பார்த்து இறக்குவான். அந்த நொடியில் மறுபடி உருள, வலது கட்டைவிரல் சட்டென்று அழுத்த வேண்டும். புவனேஸ்வரனின் விரல் யோசிக்கும். அவன் பொத்தான்களை இடது பக்கம் மாற்றிப் பார்த்தான். காலால் அழுத்த முடியுமா என்றுகூடப் பார்த்தான். அப்படியே ஒரு முறை காவலனை முட்டிபோட வைத்தான். அவன் விழுந்தான் என்று இவன் மூச்சு விட்டபோது, காவலன் இரண்டாம் உயிரோடு எழுந்து நின்றான்.

"இவன் ஏமாத்துக்காரன்" என்றான் புவனேஸ்வரன். "ஒன்பதுலயும் மோசமானவன். ஆனா அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்ல."

அதற்குப் பிறகு பெட்டியைத் தொடுவது குறைந்தது. அப்புறம் நின்றே போனது. பேச்சுப் படத்தின் கீழே 'அண்ணே, ஒன்பது எப்போ?' என்று யாரோ எழுதியிருந்ததைக் குழந்தைவேலு காட்டியபோது, "கை இல்லடா. விடு" என்றான். அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் பேசியது 'ம்' மட்டும்.

ஏழெட்டு மாத மௌனம் எப்படி இருக்கும் என்று உமையாளுக்குத் தெரியும். அது மறுபடி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் போல் இருந்தது.

அவன் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் ஒரு பங்குனி உத்திரம் வந்தது. விபத்துக்கு முன்பே அவன் அந்த வருடம் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தான். உமையாள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அவனுக்காகத் தானே குடத்தைத் தலையில் ஏற்றி, வெயிலில் நான்கு மணி நேரம் நடந்தாள். அவன் நேர்ந்ததை நீ ஏன் எடுக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. தாகத்துக்கு மோர் கொடுத்தார்கள். காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஐந்தாம் நாள் அவன் கண் விழித்தான்.

சத்தியம் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னவரால் முடியவில்லை. கட்டிக்கொண்டவள் எடுத்துக்கொண்டால் என்ன? அவளுக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. குடத்தைச் சுமந்த தலைக்குக் காவலனையும் சுமக்க முடியும் என்று நினைத்தாள்.

அவள் கிலாங்கில், கையுறைத் தொழிற்சாலையில், வேலை செய்தாள். ஓடிக்கொண்டே வரும் ஆயிரக்கணக்கான கையுறைகளில் ஊசிமுனை ஓட்டையைக் கண்ணால் பிடிக்கும் வேலை. மத்தியான ஷிப்ட் வாரங்களில் காலை முழுக்க வீட்டில் இருப்பாள். புவனேஸ்வரன் ஏழு மணிக்குப் பசியாறிவிட்டுக் கிளம்பியதும், உலையை வைத்துவிட்டு, முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

முதல் வாரம் அவளுக்கு நடக்கவே வரவில்லை. திரையில் அவளுடைய வீரன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான், வானத்தைப் பார்த்தான், காவலனுக்கு முதுகைக் காட்டியபடி செத்தான். "கொஞ்சம் பொறுப்பா, இப்பதான் வந்தேன்" என்று அவள் காவலனிடம் சொன்னாள். அவன் பொறுக்கவில்லை.

ஆனால் ஒரே மாதிரி வரும் ஆயிரத்தில் மாறுபட்ட ஒன்றைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஓங்கிய கை எப்போது இறங்கும் என்று அவள் ஈட்டியைப் பார்க்கவில்லை, அவன் குதிகாலைப் பார்த்தாள். இறக்குவதற்கு முன் இடது குதிகால் இம்மியளவு உயர்ந்தது. இரண்டு ஷிப்ட் சுற்று கழிந்தபோது முதல் உயிரை எடுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாம் உயிர்தான் வசப்படவே இல்லை. அடிபட்ட வீரன் மருந்து குடிக்கக்கூட நேரம் கொடுக்காமல் காவலன் துரத்தினான்.

ஒரு புதன்கிழமை, சண்டை நடுவில் பிரஷர் குக்கர் நான்காவது விசில் அடித்தது. பதறிப்போய் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு ஓடினாள். அடுப்பை அணைத்து, பருப்பைப் பார்த்து, செத்திருப்பான் என்று நினைத்துத் திரும்பி வந்தாள்.

வீரன் சாகவில்லை. அவள் அழுத்தியது வாளை உறையில் போடும் பொத்தான். வீரன் வெறுங்கையோடு நின்றான். எதிரே காவலன் ஈட்டியைத் தரையில் ஊன்றி, தலையைச் சற்றே தாழ்த்தி, வாசலருகே காத்து நின்றான். அவள் பார்த்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவன் அசையவில்லை.

"அட, நீ அப்படிப்பட்டவனா" என்றாள்.

வெறுங்கையாக நிற்பவனை அவன் அடிப்பதில்லை. அவ்வளவுதான். அதை ஆட்டத்தைச் செய்தவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. வாளோடு வருகிறவர்கள் யாருக்கும் அது தெரிய வழியே இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை, அவளுக்கு ஓய்வு நாள். முதல் உயிரை எடுத்தாள். இரண்டாம் உயிரில் அடி பட்டதும் வாளை உறையில் போட்டாள். காவலன் நின்றான். மருந்து குடித்தாள், மூச்சு வாங்கினாள், சேலை முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி வாளை உருவினாள். இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை காவலன் முட்டிபோட்டு, ஈட்டியை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான். வாசல் திறந்தது. வெளிச்சம் வந்தது. திரையின் மூலையில் சின்ன விளக்கு ஒன்று சுற்றி, ஆட்டம் தானாகவே சேமித்துக்கொண்டது.

"முருகா" என்றாள் உமையாள். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, கேசரி கிண்டினாள்.

நாலரை மணிக்குப் புவனேஸ்வரனும் குழந்தைவேலுவும் ஒன்றாக வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குழந்தைவேலு மோப்பம் பிடித்தான். "என்ன அண்ணி, விசேஷமா? நெய் வாசனை ரோடு வரைக்கும் வருது."

"உள்ள வந்து டிவியப் பாருங்க."

திறந்த வாசல். வாசலுக்கு அப்பால் புல்வெளி. காவலன் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"அண்ணே, எப்ப அடிச்சீங்க? சொல்லவே இல்ல?"

"நான் அடிக்கல" என்றான் புவனேஸ்வரன். அவளைத் திரும்பிப் பார்த்தான். "காவலன் எங்க?"

"விழுந்துட்டான்ங்க. நான்தான். ரெண்டு மாசமா காலையில பழகினேன். உங்களுக்காகத்தான்."

குழந்தைவேலு வாய் நிறையச் சிரிக்கத் தொடங்கி, புவனேஸ்வரனின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். புவனேஸ்வரன் கோபப்படவில்லை. இடது கையால் பெட்டியை அணைத்தான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். நீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"என்ன தம்பி, தப்பா செஞ்சிட்டேனா?"

"அது வந்து அண்ணி..." குழந்தைவேலு தலையைச் சொறிந்தான். "சேவ் ஆயிருச்சு. பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அவன் இனி வர மாட்டான். அவனைப் பாக்கணும்னா மொதல்லேர்ந்து ஆடி வரணும். எனக்கே நாப்பது மணி நேரம் ஆகும். அண்ணன் கைக்கு நாலஞ்சு மாசம்."

கேசரிக் கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

"வெளிய யாருக்கும் தெரியப்போறதில்ல அண்ணி" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணனே அடிச்சாருன்னு சொல்லிக்கலாம். பேச்சை முடிச்சிடலாம். யாரு வந்து பாக்கப்போறா?"

"யாருக்குத் தெரியாதுடா?" குளியலறைக் கதவு திறந்திருந்தது. தலையில் நீர் சொட்டச் சொட்டப் புவனேஸ்வரன் நின்றான். "எனக்குத் தெரியுமே."

குழந்தைவேலு கேசரி சாப்பிடாமல் கிளம்பினான். உமையாள் சின்னக் கிண்ணத்தில் போட்டு அவன் மோட்டோ கூடையில் வைத்து அனுப்பினாள்.

உள்ளே வந்ததும் அவளுக்கும் ரோஷம் வந்தது. "நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உங்க பால்குடத்தை நான் எடுத்தேன். அன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே?"

"அது சாமிக்கு."

"இதுவும் சத்தியம்தானே?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். வழக்கம்போல் அவள் கை பொத்தானுக்குப் போனது. அவன் பின்வாங்கினான்.

"ரெண்டு வருசமா எல்லாத்தையும் நீதான் எனக்காக செய்யற. சோத்தைப் பிசைஞ்சு குடுக்கற. பொத்தான் போட்டு விடுற. மோட்டோல பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போற. நான் ஒரு வார்த்தை சொல்லல. இது ஒண்ணுதான் உமையா, நான் விழுந்தா நானே விழுந்தேன், எந்திரிச்சா நானே எந்திரிச்சேன்னு இருந்துச்சு."

சட்டையைப் பொத்தான் போடாமலே விட்டுவிட்டு அவன் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று கேசரியை யாரும் தொடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியும் சனியும் தராசு மேடைக்கு விடுமுறை. புவனேஸ்வரன் எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உமையாள் மோட்டோவை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள்.

கோவிலில் கூட்டமில்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் கேட்டார். "பேரு? நட்சத்திரம்?"

"புவனேஸ்வரன். பூச நட்சத்திரம்" என்றாள் உமையாள், நான்கு வருடமாகச் சொல்லும் பழக்கத்தில்.

குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பூவைப் போட்டார். அவள் கை கூப்பி நின்றாள். பால்குடம் எடுத்த நாளிலும் இந்த இரண்டையும்தான் கேட்டார்கள். சுமந்தது இவள் தலை, சொன்னது அவன் பெயர். அவன் அன்று கண் மூடிக் கிடந்தான். கேட்டிருந்தால் சரி என்றிருப்பானோ, வேண்டாம் என்றிருப்பானோ, கேட்க வழியில்லை.

ஆனால் இந்த இரண்டு மாதமும் அவன் அடுத்த பாயில்தான் படுத்திருந்தான்.

திருநீற்றை மடித்துக்கொண்டு, பிரகாரம்கூடச் சுற்றாமல் வீட்டுக்கு வந்தாள். முருகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான்.

புவனேஸ்வரன் எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் தானே பாலில்லாத டீ ஓ கலக்கியிருந்தான். இரண்டு கோப்பை. மேசையில் பாதிச் சீனி சிந்திக் கிடந்தது. உமையாள் அதைத் துடைக்கப் போகவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க படுத்துக் கெடந்தீங்க, கேக்க முடியல. எடுத்தேன். இப்ப நீங்க முழிச்சுத்தான் இருக்கீங்க. நான் கேட்டிருக்கணும்."

அவன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினான். குடித்தாள். தித்திப்புத் தாங்கவில்லை. குடித்தாள்.

கோப்பை காலியானதும் அவன் கேட்டான். "ரெண்டாவது உசுரு எடுக்கறப்ப, துரத்துவானே. மருந்து எப்படிக் குடிச்ச?"

"வாளை உறையில போட்டுட்டேன்."

"போட்டா?"

"அவன் அடிக்க மாட்டான். ஈட்டியை ஊனிக்கிட்டு நிப்பான். நீங்க மறுபடி வாளை எடுக்கிற வரைக்கும் நிப்பான்."

"சும்மா சொல்லாத."

"முருகன் மேல ஆணையா. பருப்பு வெந்து எறக்கிட்டு வந்தேன், நின்னுக்கிட்டு இருந்தான்."

புவனேஸ்வரன் அவளையே பார்த்தான். இருநூறு தடவை அவன் காவலனிடம் போயிருக்கிறான். ஒரு தடவைகூட வாளை உறையில் போட்டதில்லை. கடலடித் தங்கை அழுது முடிக்கும்வரை வாளைத் தூக்காமல் தண்ணீர் குடித்த மனிதன், தனக்காக ஒருவன் அப்படி நிற்பான் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று அவள் பதறினாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"பருப்புக்கு நின்னானா?"

"நாலு விசில் பருப்புக்கு."

"அவனைப் போயி ஏமாத்துக்காரன்னு சொன்னேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மொதல்லேர்ந்துதான் ஆடணும். நாலு மாசமோ அஞ்சு மாசமோ. இதை நான் பாக்கணும்."

"ஆடுங்க. நான் தொட மாட்டேன்."

"பக்கத்துல உக்காரு. வாயத் தொறக்காத. கேட்டா மட்டும் சொல்லு."

சனிக்கிழமை காலை புவனேஸ்வரன் வரச் சொன்னதால் குழந்தைவேலு வந்து சேர்ந்தான். கைத்தொலைபேசியை அரிசி டின் மேல் நிறுத்தி வைத்து, மின்விசிறியை அணைத்தான். "அண்ணே, அப்ப ஒன்பதை விட்டுட்டு எட்டோட முடிச்சிக்கிறோமா?"

"இல்ல. ஒன்பதும் உண்டு."

"நீங்க அடிக்காத பாஸைப் பத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் பேசப்போறதில்ல. நாற்காலி இன்னொண்ணு போடு."

புவனேஸ்வரன் நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான். உமையாளின் கை தானாகவே எழுந்தது. பாதியில் நின்றது. இரண்டு கையையும் கீழே விட்டாள்.

அவன் முதல் பொத்தானைப் பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தான். கட்டைவிரல் யோசித்தது. காலை வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பொத்தானில் குழந்தைவேலு வாயைத் திறந்தான். உமையாள் அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, கைத்தொலைபேசியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

ஐந்து பொத்தானும் ஏறியபோது, மேலிருந்து ஒரு துளை தப்பிப்போய்ச் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் திருத்தப் போகவில்லை. புவனேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னான்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒன்பதாவது, ஏழாம் வாசல் காவலன். இவனை நான் இருநூறு தடவை பாத்தேன், வீழ்த்த முடியல. சொன்ன சொல்லு சொல்லுதான், அதனால நான் பேசல. இவனை வீழ்த்துனவங்க இங்க உக்காந்திருக்காங்க. அவங்கதான் பேசுவாங்க. பேரு உமையாள். நட்சத்திரம்..." அவன் நின்றான். அவள் பக்கம் சாய்ந்தான். "உன் நட்சத்திரம் என்ன?"

"நாலு வருசம் குடும்பம் நடத்திட்டு இப்ப கேக்குறீங்களா? அனுஷம்."

"அனுஷ நட்சத்திரம்" என்றான் புவனேஸ்வரன், அர்ச்சனை சொல்கிற குரலில். குழந்தைவேலு சிரிப்பை அடக்கக் கையைக் கடித்துக்கொண்டான்.

உமையாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அறுநூறு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது தயங்கினாள். பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். தைரியம் வந்தது.

"வணக்கம்ங்க" என்றாள். "எனக்கு மத்த பாஸுங்களைப் பத்தித் தெரியாது. இவனைத் தெரியும். இவன் கையை ஓங்குறதைப் பாத்து எல்லாரும் பயப்படுறாங்க. நானும் பயந்தேன். ஆனா ஒரு நாள் அடுப்புல பருப்பு இருந்துச்சு..."